நடுவிலிருந்து ஒரு பக்கம்

கொடைக்கானல் புத்தகக் கடையில் ஒரு புது நாவலின் அட்டையில் சீட்டு ஒட்டியிருந்தது: ‘இந்தக் குளிருக்கு அவசியம் படியுங்கள்.’ சீட்டைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவிடமிருந்து வந்த சந்தேகம் அது.

பூம்பாறையில் விதைப்பூண்டு வாங்கும்போது அம்மா மூட்டையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். தோள்வரை கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பூண்டை உருவுவாள். “மேல கெடக்குறத எவனும் அழகாத்தான் வப்பான்.”

நான் பள்ளியில் படிக்கும்போது குளிர்கால லீவுக்கு டீச்சர், “புதுசு, ரொம்ப நல்லாருக்கும்” என்று கதைப் புத்தகங்கள் கொடுத்தனுப்புவார். அம்மா அதையும் நம்பவில்லை. புகை மண்டிய அடுப்படியில் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டே, “நடுவுல பிரிச்சு வாசிடி” என்பாள். வாசிக்க வாசிக்க அவள் கை ஓடிக்கொண்டே இருந்தால் புத்தகம் தோற்றது. “வெரசா திருப்பிக் குடுத்துரு.” நான் அறிய ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் அந்தக் கை நின்றது. அன்று கொதித்த உலையில் அரிசி போடவே மறந்துபோனாள்.

கடையில் அந்த நாவலையும் நடுவில்தான் பிரித்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

“மேடம்,” என்றார் கடைக்காரர். “உங்க கையில போன் அப்போலருந்து அடிச்சுக்கிட்டே இருக்குங்க.”