கையை ஆட்டிய பெண்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வார லீவு கிடைத்தால், சாயங்கால வெயிலைப் படம் பிடிக்கக் கிளம்பிவிடுவேன். போன கோடையில் சோழவரம் ஏரிக்குப் போனேன்.

வற்றிய ஏரி முழுக்கத் தாழ்ந்த வெயில் மஞ்சள் பூசியிருந்தது. தூரத்தில் எருமை மேய்க்கும் பெண் ஒருத்தி, சூரியனுக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். ஏதோ கத்தினாள், காற்றில் கேட்கவில்லை. அருமையான படம் என்று எடுத்துவிட்டு, இன்னும் கிட்டத்தில் எடுக்க நடந்தேன்.

பத்தடி போவதற்குள் தரை உள்வாங்கியது. இடுப்புவரை சேறு. காலை இழுக்க இழுக்க இன்னும் இறங்கினேன். வெளிச்சம் வேறு குறைந்துகொண்டே வந்தது.

அவள் ஓடி வந்து, எருமைக் கயிற்றை வீசினாள்.

"மண்ணு அள்ன பள்ளம்ணா அது. உதறாத, குப்புறப் படுத்துக்கோ."

அப்போதும் கேமராவைத் தலைக்குமேல் பிடித்திருந்தேன்.

"அத்த உட்டுட்டு கயித்தப் புடிணா."

விட்டேன். கரையில் கிடந்து சேற்றை வழித்தபோது அவள் கேட்டாள்: "அவ்ளோ கத்தறேன், பாத்துக்கினே வர்றியே?"

சேற்றிலிருந்து எடுத்த கேமரா செத்துவிட்டது, மெமரி கார்டு பிழைத்தது. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், அவள் ஆடுகிறாளா என்று கேட்கிறார்கள். வராதே என்கிறாள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.