நல்லதண்ணிச் சொறி

சொட்டுக்குழாயின் முனை தண்ணீருக்குள் இறங்கும்போது அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அவருக்கே அது தெரியாது. கண்ணாடி ஜாடியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு நூல்துண்டு ஒன்றின் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பூச்சியை விடுகிறார். நூலின் தலைப்பக்கம் ஆறு இழைகள் விரிந்திருக்கின்றன. அதில் ஒன்று பட்டதும் பூச்சியின் துடிப்பு அடங்குகிறது. "புடிச்சிட்டு" என்கிறார். அதன் பிறகுதான் மூச்சு வெளியே வருகிறது.

இனிகோ பர்னாந்து, வயது அறுபத்தொன்று. கடைசிச் சிலாபம், அதாவது அரசு கடைசியாக நடத்திய முத்துக்குளிப்பு, வரைக்கும் கடலில் இறங்கியவர். அதன் பிறகு சங்கு. ஆழத்தில் இடது காது போய்விட்டது. அவரிடம் பேச வலப்பக்கம் உட்கார வேண்டும். தெரியாமல் இடப்பக்கம் உட்காருகிறவர்களை அவர் திருத்துவதில்லை. எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார். இப்படித்தான் ஒருமுறை கோயில் கொடிமரத்துக்குத் தனியாளாக வர்ணம் அடிக்கச் சம்மதித்துவிட்டு வந்தார். அடித்தும் கொடுத்தார்.

ஜாடி அவருடையதல்ல. நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். ஏப்ரல் விடுமுறையில் ஹைட்ராக்கள், அதாவது குளத்துத் தண்ணீரில் வாழும் இந்த நூல் உயிர்கள், சாகாமலிருக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பார்த்துக்கொண்டாள். ஜூனில் கேட்டபோது பாதியைத்தான் திருப்பித் தந்தாள். ஹைட்ராவின் இடுப்பில் மொட்டு விடும். மொட்டுக்குக் கை முளைக்கும். பிறகு குட்டி தனியே பிரிந்து போகும். அம்மா அதற்குப் பேறு என்று பெயர் வைத்திருந்தாள். "இன்று இரண்டு பேறு" என்று கடிதத்தில் எழுதுவாள். ஆகஸ்டில் அவளுக்கு டைபாய்டு. பதினெட்டு நாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அப்பா ஜாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதுவரை அதை எட்டிக்கூடப் பார்க்காதவர். "இது என்னத்தலே திங்கும்?" என்று கேட்டார்.

சனிக்கிழமைதோறும் ரயிலில் வருகிறேன். ஒவ்வொரு வாரமும் கேள்விகள் காத்திருக்கும்.

"இதுக்கு எலும்பு?"

"இல்லப்பா. ரெண்டு அடுக்குத் தோலு, நடுவுல கொஞ்சம் பசை. உள்ள வெறும் பை."

"தின்னது வெளிய போக?"

"தின்ன வாய் வழியாத்தான்."

"நல்லவேள, இதுக்குப் பேசத் தெரியாது."

"ரத்தமும் கிடையாது. இருதயமும் கிடையாது."

"வெட்டினா?"

"ரெண்டு துண்டும் ரெண்டு உசுராயிரும்."

ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எத வச்சுலே சாவும்?"



கைலென்ஸில் முதன்முதலாகப் பார்த்த அன்று தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். "சொறில்லா இது!" ஜெல்லி மீன் எனப்படும் இழுதுமீனுக்கு எங்கள் கரையில் சொறி என்று பெயர். அது சுட்ட தழும்பு அவர் முதுகில் இன்னும் இருக்கிறது. நான் சொல்லாமலே சரியான இனத்தில் சேர்த்துவிட்டார். இரண்டுக்கும் கொட்டும் செல்கள் உண்டு. செல்லுக்குள் சுருட்டிவைத்த நூல், தொட்டதும் வெளியே பாயும். இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வகுப்பு ஆகிறது. மதியச் சாப்பாட்டின்போது அவரே ஒரு திருத்தம் சொன்னார்: "நல்லதண்ணிச் சொறி."

அம்மாவின் தங்கை பிலோமினா சித்திக்கு அடுத்த வீடு. காலையில் குழம்பு கொண்டுவந்து வைப்பாள். "என்ன அத்தான், பேரப்பிள்ளைக்கு ஊட்டியாச்சா? நீங்களும் ஒரு வாய் திங்கலாம்லா?"

"ஏளா, தள்ளி நில்லு. ஒன்ன மாதிரியே இதுக்கும் கொட்டத் தெரியும்."

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை வந்தபோது ஜாடியில் நூல்கள் இல்லை. அடியில் பழுப்புப் புள்ளிகள் மட்டும் கிடந்தன. அப்பா எதையும் மறைக்கவில்லை. அந்த வாரம் வெயில் அதிகம். ஹைட்ராக்கள் குறுகி வெளிறிப்போயிருக்கின்றன. அன்று விடிந்ததும் கடற்கரைக்கு நடந்து போய் அரைத் தம்ளர் கடல்தண்ணீர் எடுத்துவந்து ஊற்றியிருக்கிறார்.

"கடல்சாதில்லா எய்யா. சொந்தத் தண்ணி இல்லாம ஏங்குதுன்னு நெனச்சேன்."

அவர் பார்த்த உலகில் அது தப்பில்லை. பெருமழைத் தண்ணீர் கடலில் கலந்தால் சிப்பி வாய்பிளந்து சாவதைக் கண்டவர். ஹைட்ராவுக்கு நேர்மாறு: உப்பு அதன் உடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

"ஒங்கம்மா நாலு மாசம் வச்சிருந்தா. எங் கையில ஒண்ணர மாசம் நிக்கல" என்றார்.

சைக்கிளில் மாப்பிள்ளையூரணிக்குப் போய்க் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். பன்னிரண்டு புள்ளிகளையும் வேறு ஜாடிக்கு மாற்றினேன். மாலைக்குள் பதினொன்று கரைந்துபோயின. மிஞ்சியது ஒன்று. கை இல்லை, வாய் இல்லை. கடுகில் பாதி.

"ஒரு துண்டு கெடந்தாப் போதும்ப்பா. முழுசா வந்துரும்."

"படிச்சதச் சொல்லுதியா, எனக்காகச் சொல்லுதியா?"

"படிச்சதத்தான்."

படித்ததுதான். ஆனால் உப்பில் வெந்த துண்டைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போகவில்லை. சித்தி வைத்த குழம்பு திறக்காமலே திரும்பிப் போனது. அவளும் கேலி எதுவும் செய்யவில்லை. திங்கட்கிழமை கல்லூரிக்குக் காய்ச்சல் என்று தந்தி அடித்தேன். அப்பா நாற்காலியை விட்டு நகரவில்லை. லென்ஸை என்னிடம் கேட்கவும் இல்லை. வெறும் கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை புள்ளி கொஞ்சம் நீண்டிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். மேல் விளிம்பில் நான்கு சின்ன முண்டுகள். லென்ஸை அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"கையா மொளைக்குது?"

"கைதான்ப்பா."

"எப்பம் திங்கும்?"

"நாளைக்கோ, நாளன்னைக்கோ. மொதல்ல தண்ணி மாத்தணும்."

சைக்கிளில் கொண்டுவந்த குளத்துத் தண்ணீரைக் குவளையில் எடுத்து ஜாடிப்பக்கம் சாய்த்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். சுண்டுவிரலைக் குவளையில் நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை நனைத்து வைத்தார். பிறகுதான் என் கையை விட்டார்.