தீபத்துக்குக் காலி செய்த வீடு

அப்போது திருவண்ணாமலையில் வாடகை வீட்டில் இருந்தோம். கார்த்திகை தீபம் நெருங்கியதும் வீட்டுக்காரம்மா வந்தார்.

"தீபத்துக்கு வர்றவங்களுக்கு ரூம் விடணும். திருவிழா முடிஞ்சதும் வந்துடுங்க."

நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு சத்திரத்து வாசலில் படுத்தோம். திரும்பி வந்தால் உள்ளே வேறு குடித்தனம்!

"அவங்க வாடகை ஜாஸ்தி தர்றாங்க. நான் என்ன பண்றது?"

சாமி பார்க்க வருகிறவர்களுக்கு வீடு, சாமி ஊரிலேயே உழைக்கிறவர்களுக்குத் தெருவா?

என்னோடு பூ கட்டும் சரோஜா அக்காதான் தன் ஒற்றை அறையில் இடம் கொடுத்தார். ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் நாங்கள் சொந்தக் குடிசை போடும்வரை போகச் சொல்லவில்லை.

இன்று அது ஓட்டு வீடு. ஓர் அறையை, இப்படித் தெருவுக்கு வந்த குடும்பத்துக்கென்றே விட்டிருக்கிறேன். சொந்த இடம் அமையும்வரை இருக்கலாம். தீபத்துக்குக்கூடக் காலி செய்யச் சொல்வதில்லை. திருவிழாவுக்கு வரும் என் சொந்தக்காரர்களுக்கு வாசலில்தான் பாய், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.