தகரம் பார்க்கப் போன மூன்று பேர்

தகரத்தை மெஷின் அறுக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் என் கழுத்து தானாகத் தோளுக்குள் இறங்கிவிடும். பஸ்ஸில் போகும்போது கேட்டால் ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினாலும் உள்ளே வரும். வந்து, அந்தப் புயல் சாயங்காலத்தைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போகும்.

திருவொற்றியூரில், கடலுக்குப் போய் முட்டி நிற்கிற எங்கள் சந்தில் அண்ணனுக்கு ஒரு கொட்டகை இருந்தது. படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிற வேலை அவனுக்கு. நான் அவனுக்கு அடுத்துப் பிறந்தவள், அவன் வீட்டு மாடியில் குடி. கொட்டகைக்கு எதிர்வீடு மீன்கார அக்காவுடையது. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கொருக்குப்பேட்டை வரை நடப்பாள். அவள் வாசலுக்கும் எங்கள் கொட்டகையின் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு ஆட்டோ நுழைகிற அகலம்தான்.

அன்றைக்குக் காற்று கடலை அள்ளி அள்ளிச் சந்துக்குள் எறிந்தது. கூரை முதலில் முனகியது, பிறகு மாரில் அடித்துக்கொண்டது. அக்கா வாசலில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்க வெளியே வந்தாள். ஒரு தகரம் ஆணிகளிலிருந்து பிய்த்துக்கொண்டு எழுந்து, யாரைத் தேடுவது என்று யோசிக்கிற மாதிரி ஒரு நொடி காற்றில் நின்றது. அடுத்த நொடி அவள் வலது தோளில் இறங்கியது. சதை மீன் மாதிரிப் பிளந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு. அவள் கத்தவில்லை. கத்தியது ஆடு.

தையல் ஆறியது. கை ஆறவில்லை. காது வரைக்கும்கூட அதைத் தூக்க முடியாது என்றாள். தலைக்குக் கூடை ஏறாத மீன்காரி சந்து முனையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

அண்ணன் நம்பவில்லை. "கைய தூக்காத மாறி நடிக்கிறாமே. கொட்டாய தூக்க வைக்கணும், அதான் மேட்டரு" என்றான். முன்பெல்லாம் அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனைத் தம்பி என்பாள். இப்போது அவன் ஏய், அவள் டேய். சந்தில் எதிர்ப்பட்டால் இருவரும் காறித் துப்பினார்கள். ஒருநாள் அவன் ஸ்பேனரை வீசினான். அவள் கதவில் பட்டு ஓட்டை விழுந்தது. மறுநாள் அவள் மீன் கழுவின தண்ணீரை அவன் பிரித்து வைத்திருந்த எஞ்சின்மேல் ஊற்றினாள்.

குப்பத்துப் பஞ்சாயத்து கூடியது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உன் பொருள் ஒருவரை வெட்டினால், அதற்குப் பதிலாக வருகிற பொருளை வெட்டுப்பட்டவர் நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். படகு மோதினாலும் அப்படித்தான், கூரை விழுந்தாலும் அப்படித்தான். அக்கா சம்மதிக்கிற தகரம் ஏறும். சம்மதிக்காவிட்டால் கொட்டகை அந்த இடத்தில் கிடையாது. அண்ணனுக்கு அந்த இடத்தை விட்டால் கரை இல்லை. படகுக்காரர்கள் எஞ்சினைத் தோளில் சுமந்து வேறெங்கே வருவார்கள்?

ஆக மூன்று பேரும் ஒரு ஷேர் ஆட்டோவில் தண்டையார்பேட்டைக்குப் போனோம். நடுவில் நான். அக்கா மடியில் ஒரு சிமெண்டுச் சாக்கு. அதற்குள் அவள் மீன் அரியும் கத்தியும், அவளை வெட்டின தகரத்திலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டும். அதை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

கடை குடோன் மாதிரி நீளம். நீலம், செங்கல் நிறம், பச்சை, வெள்ளை என்று கலர் ஷீட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. உள்ளே மெஷின் அறுத்துக்கொண்டிருந்தது. நான் காதைப் பொத்தினேன். அண்ணன் ஒரு நீல ஷீட்டில் ஓங்கிக் குத்தினான், கும்மென்று அதிர்ந்தது. "இதான். சவுண்டு பாரு" என்றான்.

அக்கா சாக்கிலிருந்து துண்டை எடுத்துக் கடைக்காரர் முன்னால் விட்டெறிந்தாள். "இத்த பாரு நைனா. மேல இன்னும் மினுக்கிகினு கீது. திருப்பு."

திருப்பினார். முதுகு முழுக்கச் சிரங்கு. ஆணி போன ஓட்டைகள் கிழிந்த காது மாதிரி நீண்டிருந்தன.

"கடலோரம்னா இப்டிதான்மா. மேல் பக்கத்த மழை கழுவி வுட்டுடும். உப்பு அடியிலதான் ஒக்காந்து திங்கும்."

"அப்ப அடியில இன்னா பூசுற?"

"ரெண்டு பக்கமும் கோட்டிங் கீதும்மா."

"காட்டு."

கத்தியை இடது கையில் எடுத்தாள். அண்ணன் குத்தின நீல ஷீட்டின் ஓரத்தில், செதில் உரிக்கிற மாதிரி வாலிலிருந்து தலைக்கு ஒரே இழுப்பு. மேல்பக்கம் கீறல் விழுந்தது, நிறம் விடவில்லை. அடியில் இழுத்தாள். பூச்சு பொடிப்பொடியாகக் கொட்டியது.

கடைக்காரர் எழுந்துவிட்டார். "யம்மா, புது ஷீட்டும்மா! இன்னா வேல பாக்குற நீ?"

"இது புதுசா? இதுக்கு அயிலை மீனு தோலு கெட்டி."

அடுத்த அடுக்குக்குப் போனாள். பச்சை. கீறினாள். செங்கல் நிறம். கீறினாள். லோடுமேன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று சிரித்தார்கள். "ஆயா, அப்டியே கொயம்பு வச்சுடு" என்றான் ஒருத்தன். கடைக்காரர் அண்ணனைப் பார்த்துக் கத்தினார்: "யோவ், கீறினதெல்லாம் உன் தலையில கட்டிடுவேன். அந்தம்மாவ புடி!"

அண்ணன் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தான். பாய்ந்தான். "கஸ்மாலம், குடு கத்திய!" அவள் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவன் கைக்கு அகப்பட்டது அவளுடைய வலது கை. அதைப் பிடித்து மேலே இழுத்தான். நடிப்பைக் கழற்றிக் காட்டுகிற வேகத்தில் இழுத்தான்.

தோள் ஒரு சத்தம் போட்டது. காய்ந்த மட்டையை மிதித்த சத்தம். கை காது வரைக்கும்கூடப் போகவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது அழுகை இல்லை. அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கத்தி தரையில் விழுந்து சுழன்றது.

அண்ணன் கையை விட்டான். கையை விட்ட பிறகும் அவன் விரல்கள் மடங்கியே இருந்தன. முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்து, சின்னப் பையனின் முகம் வந்திருந்தது.

"பொம்பள கையயாடா முறுக்குற, பேமானி?" முதல் அறை விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்த அதே லோடுமேன்தான். இரண்டாவது ஆள் இடுப்பில் உதைத்தான். அண்ணன் ஷீட் அடுக்கின் மேல் போய் விழுந்தான். கூரையெல்லாம் ஒரே நேரத்தில் இடிகிற மாதிரி முழங்கியது. ஒரு சண்டைக்கும் பின்வாங்காதவன், கையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் நீலத்தில் சொட்டியது. நான் நடுவில் புகுந்தேன். என் முழங்கையிலும் ஒன்று விழுந்தது.

அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே தடுக்கவில்லை. தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சொன்னாள்: "போதும். வுடுங்கடா. அது நம்ம சந்து கணக்கு."

விட்டார்கள். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அவள் முதலில் குடித்தாள், பிறகு அதை அண்ணன் காலடியில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

கத்தியை எடுத்தவள் மூலையில் இருந்த வெள்ளை ஷீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும்விடத் தடிப்பு, நிறத்துக்காக யாரும் கேட்காததால் தூசி படிந்திருந்தது. மேலே கீறினாள். அடியில் கீறினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கோடு, பொடி இல்லை. முனையைக் காலால் மிதித்து வளைத்தாள். மடிப்பில் பூச்சு வெடிக்கவில்லை. திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"இது ஓகேவா?" என்றான் அவன், ரத்தம் கலந்த குரலில்.

"ஆணி?"

"துரு புடிக்காததா போடுறேன். எல்லா நெளியிலயும் போடுறேன்."

"போன தபா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். போன தடவை தகரத்தின் நெளிவுகளில் ஒன்று விட்டு ஒன்றில்தான் ஆணி அடித்திருந்தான். அந்தச் சந்தில் எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள்.

மீன்பாடி வண்டியில் ஷீட்டுகளை ஏற்றி, நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டினார்கள். அண்ணன் வண்டியோடு போக வேண்டும். அக்கா காசிமேடு பஸ்ஸுக்கு நின்றாள். மத்தியானப் புகையும் லாரிகளும் எங்களைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. வண்டி கிளம்பும்போது அண்ணன் இறங்கி அவளிடம் வந்தான். அவள் கையைப் பார்த்தான், பார்வையை எடுத்தான்.

"கொட்டாய் மேல ஏத்திக்கவாக்கா?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் வாயில் அந்தச் சொல். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, படியில் நின்று திரும்பினாள்.

"ஏத்து. காத்து எயும்புச்சுன்னா நீ வந்து என் வூட்டு வாசல்ல நின்னுகினு இரு. பறந்துச்சுன்னா மொதல்ல உன் மேல வுயட்டும்."