பயிற்சி கொடுக்கப் போனவள்

அந்த ஊரில் மணி என்ன என்று கேட்டால் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். "முதல் ஷிப்டு விட்டாச்சு" என்பார்கள், இல்லையென்றால் "ரெண்டாவது ஷிப்டு பஸ் இன்னும் வரல" என்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கார் ஆலையின் கதவு திறந்தால்தான் பாதி வீடுகளில் அடுப்பு எரியும். ஆலையை நம்பிக் கண்ணாடி வார்ப்பவர்கள், ஒயர் கட்டுபவர்கள், பெயின்ட் கலக்குபவர்கள். அவர்களை நம்பி டீக்கடை, முடிவெட்டும் கடை, செருப்புக் கடை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் "கார்ல" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். காரில் எந்தப் பக்கம் என்று யாரும் நோண்டுவதில்லை.

நூலக்காவுக்குச் சீட்டுப் பக்கம். கார் சீட்டுக்கு உறை தைத்து ஆலைக்கு அனுப்பும் கம்பெனி அது. தையலுக்கு இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். எந்நேரமும் தலைமுடியில், தோளில், சில நாள் புருவத்தில்கூட ஒரு துண்டு நூல் ஒட்டியிருக்கும் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் கணவர் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினார். அவருடைய தங்கை, அதாவது நூலக்காவின் நாத்தனார், பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தாள்.

அந்த நாத்தனாரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததே நூலக்காதான். புருஷன் வெளியூரில், நினைத்தால் காசு அனுப்புவான், மறந்தால் இல்லை. கையில் ஒரு பெண் குழந்தை. "என் பக்கத்துலயே உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று கூட்டிவந்தாள். வாய் ஓயாத பெண். மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசுவாள். மகளுடைய நோட்டிலிருந்து ஒரு பச்சைத் தவளை ஸ்டிக்கரைப் பிய்த்துத் தன் மெஷினின் நெற்றியில் ஒட்டி வைத்திருந்தாள். "என் வீட்டுக்காரர் ஜாடை அண்ணி. கத்துவாரே தவிர காரியம் ஒண்ணும் நடக்காது" என்று அவள் சொன்னபோது வரிசையே தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

ஒரு நாள் மேனேஜர் நூலக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தொலைவில் ஒரு ஊரில் கம்பெனி இன்னொரு கிளை திறக்கிறது, அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்குத் தையல் பழக்கிவிட்டு வர வேண்டும் என்றார். "ஆர்டர் தாங்கல. இங்க இடம் பத்தல. அதான்."

நூலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி செலவில் விமானம், கம்பெனி செலவில் அறை. கிளம்புகிற அன்று வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "விமானத்துல ஜன்னலைத் திறந்துடாதே அக்கா" என்றாள் ஒருத்தி. நாத்தனார் தன்னுடைய நல்ல கைப்பையைக் காலி செய்து கொடுத்து அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்த ஊர்ப் பெண்கள் நல்லவர்கள். பேச்சு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இழுத்து இழுத்து வரும். அதில் ஒருத்திக்கு நூலக்கா வயதுதான் இருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், ஊசி உடைந்தாலும் சிரிப்பு, உறை கோணிக்கொண்டாலும் சிரிப்பு. சிரிப்புக்காரி என்றே நூலக்கா அவளைக் கூப்பிட ஆரம்பித்தாள். தலை சாயும் இடத்தில் வரும் வளைவுத் தையல், துணி சுருங்காமல் திருப்புவது, இரட்டைக் கோடு விலகாமல் ஓட்டுவது எல்லாவற்றையும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். வந்த வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், கழிப்பறையைத் தேடிப் போனவள் வழி தப்பிப் பின்னால் இருந்த பெரிய கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். கூடம் காலியாக இருந்தது. தரையில் மஞ்சள் பெயின்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே மின்சார ஒயரை இழுத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மெஷின் வைக்கப்போகிறார்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. திரும்பப் போனவளின் கால் நின்றுவிட்டது.

மூன்றாவது வரிசையின் நடுவில் ஒரு கட்டம் இல்லாமல் வெறுமையாக விட்டிருந்தார்கள். அவளுடைய கம்பெனியிலும் மூன்றாவது வரிசையில் அதே இடத்தில் மெஷின் கிடையாது. ஏனென்றால் அங்கே ஒரு தூண் இருக்கிறது. இங்கே தூண் இல்லை, தூணுக்கு விட்ட இடம் மட்டும் இருந்தது.

அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் அவள் மெஷின், அந்தப் பக்கம் நாத்தனாரின் மெஷின். நூலக்கா போய் அந்த வெற்றிடத்தில் நின்று பார்த்தாள். இவர்கள் புதிதாக ஒன்றும் வாங்கப்போவதில்லை. அங்கிருப்பதைப் பெயர்த்துக் கொண்டுவந்து அப்படியே இறக்கப்போகிறார்கள். யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் மேனேஜர் அங்கே வந்தார். பின்கூடத்தில் அவள் நின்றதை யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். பயிற்சி அறையின் வாசலில் நிறுத்தி மெதுவாகப் பேசினார். "உங்களை மாதிரி ஒருத்தர் இங்க சூப்பர்வைசரா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! குடும்பத்தோட வந்துடலாம். வீட்டுக்காரருக்கும் பஸ் இருக்கு. இப்போதைக்கு நமக்குள்ளயே இருக்கட்டும்மா."

எது நமக்குள் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அன்றைக்கு இன்னும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஊர் திரும்பியபோது எல்லாருக்கும் ஆளுக்கொரு கைக்குட்டை, நாத்தனாருக்கு மட்டும் பூப்போட்ட குடை. கணவரிடம்கூட வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவர் தங்கையிடம் சொல்வார். தங்கை காதில் விழுந்தால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. பிறகு சூப்பர்வைசர் வேலை கிடைத்த மாதிரிதான். இப்படி எண்ணியபோது கொஞ்சம் கூசியது. ஆனால் பழகிப்போனது.

சில வாரம் கழித்து நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். அவள் மகளைக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் காட்டியபோது, அங்கே துணி வெளுத்துத் தைக்கும் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாளாம். விசாரித்ததில், உடனே சேர்கிறதாக இருந்தால் வா என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் குறைச்சல், ஆனால் நிரந்தரம்.

நூலக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்கதான் அங்க போய்ப் பாத்துட்டு வந்தவங்க. நம்ம கம்பெனிக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே? நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் செய்யப்போறேன்."

நூலக்கா கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? ஆர்டர் குவியுது, அதான் அங்கயும் ஒண்ணு திறக்கறாங்க. உக்காந்த நாற்காலியை விட்டுட்டு ஆஸ்பத்திரி அழுக்குத்துணியைக் கட்டி அழப்போறியா?"

"அதானே! நானும் அதையேதான் நினைச்சேன்" என்று சிரித்தாள் நாத்தனார். பாரம் இறங்கிய முகத்தோடு, நறுக்கிய காயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன் இஷ்டம் என்று நழுவியிருக்கலாம். அழுக்குத்துணி என்று எகத்தாளம் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நூலக்காவைப் பின்னால் அரித்துத் தின்றது பொய் மட்டும் இல்லை, அதன் மேல் தானே சேர்த்த அந்த எகத்தாளமும்தான்.

வருடாந்திர விடுமுறை வந்தது. ஆலையும் மூடும், அதை நம்பிய கம்பெனிகளும் மூடும். ஊரே சோம்பல் முறித்துக்கொண்டு கிடக்கும் நாட்கள். நாத்தனார் மகளோடு அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோது நூலக்காவின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. சிரிப்புக்காரி.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? இங்க பாருங்க, மெஷின் எல்லாம் வந்துருச்சு!" என்று அவள் போனைத் திருப்பிக் கூடத்தைக் காட்டினாள். மஞ்சள் கட்டங்களில் மெஷின்கள் வரிசை கட்டி நின்றன. "இதுதான் எனக்குக் கொடுத்தது. இதுல ஒரு தவளை இருக்கு அக்கா, பாருங்களேன், என்ன அழகு! பிய்க்க மனசே வரல."

திரை நிறையப் பச்சைத் தவளை.

நாத்தனாரின் மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா, நம்ம தவளை."

நூலக்கா போனைக் குப்புறக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து "அக்கா? அக்கா? கேக்குதா?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கணவர் எழுந்து உட்கார்ந்தார். நாத்தனார் கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்ததை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

"அங்க போனப்பவே தெரியுமா அண்ணி?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் நூலக்கா. இரண்டாவது பொய். முதலாவதைவிட இது சுலபமாக வந்தது.

மறுநாள் கம்பெனி வாசலில் எல்லாப் பெண்களும் கூடினார்கள். கதவில் பூட்டு. "மெஷினை ரிப்பேருக்கு அனுப்பறோம்னு சொல்லித்தாம்மா லாரி லாரியா ஏத்தினாங்க. நானும் நம்பிட்டேன்" என்று காவலாளி கையைப் பிசைந்தார். ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தவர்களுக்குத் தூண் மட்டும் தெரிந்தது. அழுதவர்கள் நடுவில் ஒருத்தி வந்து நூலக்காவைக் கட்டிக்கொண்டாள். "பாவம் அக்கா நீ! உன் கையாலேயே சொல்லிக் கொடுக்க வச்சு உன்னையும் ஏமாத்திட்டானுங்களே!" இன்னும் இரண்டு பேர் வந்து தோளைத் தடவினார்கள். நூலக்கா தலையைக் குனிந்து நின்று அந்த அனுதாபத்தை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி, பூப்போட்ட குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள் நாத்தனார்.

அதோடு விட்டாளா நூலக்கா என்றால், இல்லை. இரண்டு நாள் கழித்துத் துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டாள். கணவருக்கும் வேலை போய்விட்டது, வேறு வழி என்ன என்று மனதுக்குள் நியாயம் சொல்லிக்கொண்டாள்.

"சார், நீங்க சொன்னீங்களே, அந்த சூப்பர்வைசர் வேலை…"

"அதுவா? அங்கேயே ஒரு ஆளைப் போட்டாச்சும்மா. நீங்கதானே பழக்கினீங்க, எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்களே, அவங்கதான். நீங்க நல்லாப் பழக்கிட்டீங்க!" அவர் நிஜமாகவே பாராட்டினார்.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடி அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தொழிற்சங்கக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் வழக்குப் போடுவதைப் பற்றிப் பேசினார். "விடுமுறையில திடீர்னு எடுத்த முடிவுன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. முன்னாடியே திட்டம் போட்டதுக்கு ஒரு சாட்சி கிடைச்சா நம்ம கை ஓங்கும். யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

நூலக்கா எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. பின்கூடம், மஞ்சள் கட்டம், தூணுக்கு விட்ட இடம், மேனேஜர் சொன்னது, தான் சரியென்றது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு அப்பவே தெரியும். சொல்லல." மாடிக்குப் போய்ப் போன் போட்டதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

 செயலாளர் கைதட்டினார். "எவ்வளவு பெரிய மனசு வேணும் இதைச் சொல்ல! இந்தம்மா சாட்சி போதும் நமக்கு." ஒருவர் தட்டினால் நாலு பேர் தட்டுவார்கள் அல்லவா, தட்டினார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் உரக்கச் சொன்னாள்: "இவளைத்தானே நான் கட்டிப் பிடிச்சு அழுதேன்."

நாத்தனார் எழுந்து வெளியே போனாள். நூலக்கா பின்னாலேயே போனாள். குழாயடியில் நாத்தனார் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னை அனுப்பலேன்னா வேற யாரையாவது அனுப்பியிருப்பாங்க" என்றாள் நூலக்கா. சொன்ன பிறகு, இதையா சொல்ல வந்தோம் என்றிருந்தது.

"ஆமா. அனுப்பியிருப்பாங்க. நீங்க போனதுல தப்பு இல்ல. சொல்லிக் கொடுத்ததுலயும் தப்பு இல்ல." நாத்தனார் குழாயை மூடினாள். "நான் உங்க வீட்டுக்கு வந்து, உங்க எதிர்ல உக்காந்து, கேட்டேன் அண்ணி."

 அந்த சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தால் கொட்டகையில் வாயைத் திறந்திருப்பாளா என்பது நூலக்காவுக்கே தெரியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

வழக்கில் கம்பெனி இறங்கிவந்தது. சட்டப்படி தருவதற்கு மேலும் கொஞ்சம் கொடுத்தார்கள்; அதற்குப் பாதிக் காரணம் நூலக்காவின் சாட்சிதான் என்று செயலாளர் போகிற இடமெல்லாம் சொன்னார். மருத்துவமனை வேலைக்கு எப்போதோ ஆள் வந்துவிட்டது. நாத்தனார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் சீட்டுக்கு உறை மாட்டும் கடையில் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. கணவருக்குப் பள்ளிக்கூட வேன் கிடைத்தது. நூலக்கா வீட்டிலேயே பழைய துணி தைத்துக் கொடுத்தாள்.

நாத்தனார் உறவை முறித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், அண்ணனைக் கிண்டல் செய்வாள், வாய்க்கு வாய் "அண்ணி" என்பாள். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு ஞாயிறு நூலக்கா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பெண் புதிதாக வந்தவள், வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நாத்தனார் மதிலோரம் நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணை அடுத்த வருஷம் வேற பள்ளிக்கூடத்துல போடலாமான்னு இருக்கு. தூரம்தான். நீங்க என்ன நினைக்கறீங்க?"

புதியவளுக்கு ஊரும் தெரியாது, பள்ளிக்கூடமும் தெரியாது. ஆனாலும் யோசித்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நாத்தனார் தலையாட்டிக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்திருந்த நூலக்கா, துலக்கிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்கினாள்.