சாப்பாடு எங்கள் ஊராட்சி, தூக்கம் பக்கத்து ஊராட்சி

“சார், அந்த மூலை வூட்டு பைப்பை இன்னைக்கே கட் பண்ணிடுங்க. அது நம்ம வூடு இல்ல.”

ஊராட்சித் தலைவர் போனில் இப்படிச் சொன்னபோது நான் அலுவலகத்தில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். நேற்றுவரை நம் வீடாக இருந்தது இன்று எப்படி இல்லாமல் போகும்? வீடென்ன கம்பெனி பஸ்ஸா, ஷிப்ட் முடிந்ததும் கிளம்பிப் போக?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இது வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு மனைப்பிரிவில் நடந்தது. கம்பெனிகள் வந்த வேகத்தில் அங்கே ஒரு கால்வாயைத் தூர்த்து மனை போட்டு விற்றுவிட்டார்கள். இரண்டு ஊராட்சிகளுக்கும் எல்லையே அந்தக் கால்வாய்தான். கால்வாய் போனது, எல்லை மட்டும் வரைபடத்தில் தங்கிவிட்டது. அது நேராக அந்த மூலை வீட்டுக்குள், அதாவது ஆரோக்கியசாமியின் வீட்டுக்குள் புகுந்து, ஹாலைத் தாண்டி வெளியே போனது. மனுஷன் எங்கள் ஊராட்சியில் சாப்பிட்டுப் பக்கத்து ஊராட்சியில் தூங்கினார்.

இந்த மாதிரி வீடுகளுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடாதீர்கள், கிடைக்காது. தலைவாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறதோ, வீடு அந்தத் தெருவின் ஊராட்சிக்குச் சொந்தம். ஆரோக்கியசாமியின் வாசல் தெற்கே எங்கள் தெருவைப் பார்த்தது. அதனால் வீட்டுவரி எங்களுக்கு, குடிநீர் பைப்பும் எங்களுடையது.

அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பிரமோஷன் தள்ளிக்கொண்டே போனது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவர்தான். ஆனாலும் ஒரு வாஸ்துக்காரர் “தெற்கு வாசல் ஆகாது” என்றதும் ஆடிப்போய்விட்டார். தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, கிழக்கே புதிதாக ஒன்றைத் திறந்தார். கிழக்குத் தெரு பக்கத்து ஊராட்சி. பிரமோஷன் வரவில்லை, ஊர்தான் மாறியது.

எங்கள் தெருக்கோடியில் தண்ணீர் ஏறவில்லை என்று ஏற்கெனவே புகார். ஒரு இணைப்பு குறைந்தால் லாபம் என்று தலைவருக்குத் தோன்றிவிட்டது. பக்கத்து ஊராட்சியோ கிழக்குத் தெருவுக்கு இன்னும் குழாயே போடவில்லை.

ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைவரும் வந்தார். ஆரோக்கியசாமியின் மனைவி ஸ்டெல்லா நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார். ஐடி கார்டு கழுத்திலேயே தொங்கியது.

“பைப்ப வெட்டிட்டா நா இன்னா சார் பண்ணுவேன்? ராத்திரி பூரா நின்னுகினு வேல செஞ்சிட்டு வந்து, தண்ணி லாரி பின்னால கொடத்த தூக்கிக்கினு ஓடணுமா?”

ஃபிட்டர் ஸ்பேனரோடு என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். எனக்கு வெட்ட மனசே இல்லை.

“வாசல் அந்தப் பக்கம் பூடுச்சே, நா இன்னாம்மா பண்றது?” என்றார் தலைவர்.

ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தபடி நின்றார். செங்கல் வைத்து அடைத்த வாசலை ஸ்டெல்லா ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்.

“எலெக்‌ஷனப்ப ஓட்டு கேக்க வந்தீங்களே தலைவரே, எங்க நின்னு கும்பிட்டீங்க?”

தலைவரின் கண் அந்தச் சுவருக்குப் போனது.

“இதோ, இந்த செங்கல்லு கீற எடத்துலதான். எங்கூட்ல நாலு ஓட்டு கீது. வூடு உங்களுது இல்லன்னா, அதையும் கெழக்கயே எழுதிக்கிறோம்.”

தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “இன்னா சார், வழக்கம் இன்னாதான் சொல்லுது?”

“வாசல்னுதான் சொல்லுது தலைவரே. தொறந்த வாசலா, அடச்ச வாசலான்னு சொல்லல.”

“அப்பறம் இன்னாய்யா, ஸ்பேனர உள்ள வை” என்று ஃபிட்டரை அதட்டினார், ஏதோ ஃபிட்டர் தானாகவே வெட்ட வந்ததுபோல.

அன்று மாலையே ஆரோக்கியசாமி கடப்பாரையோடு தெற்குச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று, அடுத்து எந்தச் செங்கல் என்று காட்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்த வீட்டுக்கு இரண்டு வாசல்.

புதிதாக வேலைக்கு வரும் செயலர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லைத் தகராறு என்றால் உடனே சர்வேயரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று தலைவர் காதில் விழும்படி கேளுங்கள். எல்லை தானே நகர்ந்து கொடுக்கும்.