துரைசாணி பாராட்டிய பெஞ்சு

கம்பி வேலிக்குள் எங்களைக் கொண்டுவந்து போட்ட புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் துரையின் சம்சாரமான துரைசாணி அம்மாள், காலையில் எங்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு வந்து, வீட்டை அழகாக வைத்துக்கொள்வது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் சோறு போய்விடக் கூடாது என்று, கோலா சிலாங்கூருக்கு வடக்கே சிதறிக் கிடந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்துவிட்டார்கள். ஆபீசுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் புதிதாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டு, வாசலில் துப்பாக்கியோடு ஆளையும் நிறுத்தினார்கள். பழைய லயத்தில் எனக்குத் தனிக் குசினி இருந்தது. பின்னால் கோழிக்கூண்டும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. சாமானை லோரியில் ஏற்ற ஒரு காலைப்பொழுது கொடுத்தார்கள். முருங்கை மரத்தை ஏற்ற முடியவில்லை. புது லயத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஓர் அறையும் அதன் முன்னால் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தாழ்வாரமும் கிடைத்தன. சமையலும் படுக்கையும் அதற்குள்தான்.

இந்த அறையைத்தான் அழகாக்க வேண்டும் என்று துரைசாணி சொன்னார். கையில் ஒரு படப் புத்தகம் வைத்திருந்தார். அவர் இங்கிலீஷில் நெடுநேரம் பேசுவார். பக்கத்தில் நிற்கும், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அதைத் தமிழில் ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுப்பார். மாவுச் சாக்கில் திரை தைப்பது, பழைய பெட்டியில் நாற்காலி செய்வது என்று துரைசாணி கையை ஆட்டி ஆட்டி விளக்கியது எங்களுக்கே ஓரளவு புரிந்தது. கிராணியின் தமிழில் அது இப்படி வந்தது:

"அம்மா என்ன சொல்றாங்கன்னா, நீங்கல்லாம் குப்பையா வாழ்றீங்க. இனிமே அப்படி வாழக் கூடாது."

பிறகு போட்டி என்றார். எந்த அறை சுத்தமாக, அடக்கமாக, கையால் செய்த சாமான்களோடு இருக்கிறதோ அந்த அறைக்குப் பரிசு. கடையில் எதையும் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அது எங்களுக்குச் சிரமமாக இல்லை. கடைசியாக, அரிசியை உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்தால் கஷ்டகாலத்தில் உதவும் என்றும் அந்த அம்மாள் சொன்னார். அரிசி அப்போது அளந்துதான் கிடைத்தது. இப்போது நடப்பது எந்தக் காலம் என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் இருந்தவர்கள் அதையெல்லாம் அங்கேயே உதறிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உதறவில்லை.

அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி அதுவரை என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்தில் சொல்லி முடித்துவிடலாம். அந்த மனிதர் அன்று வீட்டுக்கு வந்து, அறையின் நடுவில் நின்று, நான்கு சுவரையும் பார்த்து, "இங்க எவ்வளவு எடம் வீணாப் போவுது பாரு" என்றார்.

காலை நீட்டினால் சுவர் இடிக்கும் அறை அது.

முதலில் அவர் செய்தது செருப்பு வைக்கும் அலமாரி. ரப்பர் ஷீட் அடுக்கி அனுப்பும் உடைந்த பெட்டியின் பலகையில் மூன்று தட்டு வைத்து, அழகாகத்தான் செய்திருந்தார். எங்கள் இருவருக்கும் செருப்பே கிடையாது.

"படத்துல இருந்துச்சு" என்றார்.

அடுத்தது டின் வரிசை. கடைக்காரர் எந்த டின்னை விற்றாலும் எங்கள் கண்முன்னே ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். முழு டின்னாகக் கொடுத்தால் அது காட்டுக்குப் போய்விடுமாம். அதனால் லயத்தில் ஓட்டை இல்லாத டின் ஒன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் அந்த ஓட்டையிலேயே ஆணியைச் செருகி டின்களைச் சுவரில் வரிசையாக மாட்டினார். "பாத்தியா, கவர்மெண்டே ஓட்டை போட்டுக் குடுத்துருச்சு" என்றார். அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். அதைக்கூட வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பாசிர் பெனம்பாங்கில் மீன்காரர் ஒருவரிடமிருந்து கிழிந்த வலையை வாங்கி வந்து வெங்காயம் தொங்கவிட்டார். வெங்காயம் நான்கைந்துதான் இருந்தது. வலையிலோ மீன் வாடை போகவே இல்லை. லயத்துப் பூனைகளெல்லாம் எங்கள் அறைக்குக் குடிவந்தன. அடுப்பை விட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் என் கொண்டை வலையில் மாட்டிக்கொண்டது. மாவுச் சாக்குத் திரையில், சாக்கில் அச்சடித்திருந்த சிங்கம் தலைகீழாக நின்றது. தைத்த பிறகுதான் கவனித்தோம். பிரித்துத் தைக்கலாம் என்றேன். நூல் வீண் என்று மறுத்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள போகணும்னா வழி கேட்டுத்தான் போகணும் போலருக்கே" என்றாள் அடுத்த அறை அக்கா.

எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது பெஞ்சு. அதற்காக அவர் நாள்கணக்கில் பலகை சேர்த்தார். உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே துணி வைக்கலாம். அந்தத் துணிக்குக் கீழே இன்னொரு பலகை இருந்தது. அதை ஓர் ஓரத்தில் அழுத்தினால் மறு ஓரம் எழும்பும். அதற்குக் கீழேயும் ஓர் அறை.

"அது எதுக்குங்க?" என்றேன்.

"நீ புடிச்சு வெக்கற அரிசிக்கு. எலி வராது, கரப்பான் வராது. வெளிய இருந்து பாத்தா வெறும் பெஞ்சு."

"அந்த ஒரு புடி அரிசிக்கா இவ்வளவு எடம்?"

"சேரும்லா."

சேர்ந்தது. துரைசாணி சொன்னபடி நான் காலையும் மாலையும் பிடி அரிசி எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். அதனால் எங்கள் வயிறு கொஞ்சம் குறைந்தது, பெஞ்சு கொஞ்சம் நிறைந்தது. அது நல்ல காரியம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

போட்டி நாளும் வந்தது. செருப்பு அலமாரி வெறுமையாக இருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் அடுத்த அறை அக்காவிடம் போய்ச் செருப்பு கேட்டார். கோயிலுக்குப் போட்டுப் போகும் ஒரு ஜோடிதான் அவளிடம் இருந்தது. எங்கள் அறையைப் பார்த்துவிட்டு துரைசாணி அவள் அறைக்குப் போவதற்குள், பின்பக்கமாகச் செருப்பும் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பேசிக் கொடுத்தாள்.

துரைசாணியோடு கிராணி வந்தார். பங்களாவில் சாப்பிட வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும், பொழுது போகட்டும் என்று கூடவே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

துரைசாணிக்கு எங்கள் அறை பிடித்துப்போனது. தலைகீழ்ச் சிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். டின் வரிசையைத் தொட்டுப் பார்த்தார். செருப்பு அலமாரி முன்னால் நின்று கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அதைத் தட்டிக்கொடுத்து, அதிகாரியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"பெஞ்சு ரொம்ப நல்லாருக்குன்னு அம்மா சொல்றாங்க" என்றார் கிராணி. அவருக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய சம்சாரமும் போட்டியில் இருந்தாள்.

அதிகாரி பெஞ்சைத் திறந்து பார்த்தார். கைத்தடியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். அதே தடியை வெளியே வைத்துப் பார்த்தார். கிராணியிடம் ஏதோ கேட்டார்.

"வெளிய இவ்வளவு உசரமா இருக்கு, உள்ள ஏன் ஆழம் கம்மியா இருக்குன்னு கேக்கறாரு."

நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அதில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று அத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். சட்டென்று மண்டிபோட்டுத் துணியை எடுத்து வெளியே வைத்தார்.

"இங்க அமுக்கணும் ஐயா. இப்ப பாருங்க. தெரியாதவங்களுக்கு வெறும் பலகைதான். மிலிட்டரிக்காரங்க ரெண்டு தடவ வந்து சோதனை போட்டாங்க. அவங்களாலயே கண்டுபுடிக்க முடியல."

அன்றுதான் கிராணி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

பலகை எழும்பியது. அரிசி தெரிந்தது. எங்களுக்கு அளந்து கொடுப்பதைவிட அது அதிகம் என்பது பார்த்தாலே தெரிந்தது. என் வீட்டுக்காரர் இன்னும் மண்டிபோட்டபடியே பலகையை மூடித் திறந்து, சத்தம் வராமல் அது எழும்புவதைக் காட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு அவர் முகத்தில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அதை அவர் கவனிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யாருக்காக இந்த அரிசி என்று அதிகாரி கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னதும் நான் முன்னால் வந்தேன்.

"தொரசாணி அம்மாதான் புடிச்சு வெக்கச் சொன்னாங்க. அன்னிக்குப் பெரட்டுக் களத்துல சொன்னாங்களே. நீங்கதானே கிராணி ஐயா எங்களுக்குத் தமிழ்ல சொன்னீங்க?"

கிராணி அதிகாரியிடம் திரும்பி, "டோன் நோ" என்றார். அந்த இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

துரைசாணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் விரலால் அவரைக் காட்டிப் பேசியது அவர் கண்ணில் படாமல் இல்லை. அவர் திரையில் இருந்த சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரரையும் அரிசியையும் பெஞ்சையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். அரிசிக்கு ஒரு கான்ஸ்டபிள், அவருக்கு ஒரு கான்ஸ்டபிள். பெஞ்சைத் தூக்க லயத்து ஆள்களையே கூப்பிட்டார்கள். வண்டிக்குள்ளிருந்து அவர் எனக்கு ஏதோ சொல்லத் தலையை நீட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"பெஞ்சு காலப் புடிச்சுத் தூக்க வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லு. மூட்டு விட்டுப்போயிரும்."

மறுநாள் நான் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகவில்லை. வாளியை வைத்துவிட்டு நேராகப் பங்களாவுக்குப் போனேன். பின்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். துரைசாணிக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். எனக்கும் மீன் வாங்கப் பழகிய மலாய் கொஞ்சம் உண்டு. அதனால் நடுவில் கிராணி தேவைப்படவில்லை.

"மேம் சுரோ சிம்பான். சாயா சிம்பான்" என்றேன். நீங்கள் சேர்த்து வைக்கச் சொன்னீர்கள், சேர்த்து வைத்தேன் என்று அர்த்தம். "லாக்கி சாயா மாசோக் லோக்காப்." இப்போது என் புருஷன் உள்ளே இருக்கிறான்.

அவர் நெடுநேரம் ஏதேதோ சொன்னார். தான் சொன்னது பொதுவாக, எல்லா ஊருக்கும் பொருந்தும் யோசனை, இந்த ஊருக்கென்று சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் பேசும்போது அவருக்குப் பின்னால் சாமான் அறை திறந்திருந்தது. தட்டுத் தட்டாக டின்கள். பால், வெண்ணெய், இறைச்சி, பழம். ஒவ்வொன்றும் படம் முன்பக்கம் தெரிய அடுக்கியிருந்தது. ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

"சாந்திக் மேம் புன்யா டின்" என்றேன். மேம், உங்கள் டின்கள் அழகு.

அவர் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனார். அந்த அறைக் கதவைத் தானே போய்ச் சாத்தினார். பிறகு உள்ளே டெலிபோன் சுற்றும் சத்தம் கேட்டது. யாரிடம் பேசினார், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போதே, பரிசு கொடுத்தார்கள். கிராணியின் சம்சாரத்துக்குத்தான் கிடைத்தது. அவர்கள் வீட்டில் ரேடியோவும் கண்ணாடி அலமாரியும் நாற்காலிகளும் டவுனில் வாங்கியவை. ரேடியோவின் மேல் அவள் ஒரு பின்னல் விரிப்பு போட்டிருந்தாள். அதுதான் கைவேலை. பரிசு, பூப்போட்ட ஒரு பெரிய பிஸ்கட் டின். அது டவுனிலிருந்து காரில் வந்தபோது, வாசலில் நின்ற கான்ஸ்டபிள் புது ஆள். யார் வீட்டு டின் என்றெல்லாம் பார்க்காமல் சட்டப்படி மூடியில் நான்கு குத்து குத்தி அனுப்பியிருந்தான். துரைசாணி அதை எடுத்துக் கொடுக்கும்போது எல்லோரும் பார்த்தோம். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அடுத்த அறை அக்காவுக்கு முந்தானை பத்தவில்லை, சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

சில நாள் கழித்து என் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். எங்களை நல்லவர்கள் என்று நம்பி விடவில்லை, அரிசியைப் பார்த்துத்தான் விட்டார்கள். அடியில் பழுப்பும் வண்டும், நடுவில் உடைசல், மேலே வெள்ளை என்று படிப்படியாக இருந்ததாம். யாருக்கோ மொத்தமாகக் கொடுக்க வாங்கியதல்ல, பிடிபிடியாகப் போட்டதுதான் என்று அதிகாரிக்கே விளங்கிவிட்டது. எச்சரித்து அனுப்பினார்கள். அரிசியைத் திருப்பித் தரவில்லை.

வாசலில் அவரைச் சோதித்து உள்ளே விட்டார்கள். மெலிந்திருந்தார். தட்டில் சோறு போட்டேன். பிடி எடுத்து வைக்காமல் ஆக்கிய சோறு. அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. சுவரோரம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"பெஞ்சு வரலியா?"

"உங்களையே இப்பத்தான் விட்டிருக்காங்க."

"வண்டியில ஏத்தும்போது ஆடுச்சா?"

"எது?"

"காலு."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் சில நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெஞ்சை எப்படித் திரும்ப வாங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தார்.

அது திரும்பி வரவே இல்லை. சாட்சிப் பொருள் என்று கொண்டுபோனதை, பஸ் போகும் சடக்கோரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டார்கள். கம்பி வேலியெல்லாம் எடுத்த பிறகும் அது அங்கேயேதான் கிடந்தது. பஸ்ஸில் கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போகும்போது அவர் அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவார். ஸ்டேஷன் வந்ததும் பக்கத்து சீட்டு ஆளின் தோளைத் தொட்டு, "அந்தப் பெஞ்சு நான் செஞ்சது" என்பார். அந்த ஆள் மரியாதையாகத் தலையாட்டுவார். போலீசுக்கே தச்சு வேலை செய்து கொடுத்தவர் என்று நினைத்துக்கொள்வார்.

பஸ் வளைவில் திரும்பும்வரை என் வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி, கால்கள் நான்கும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.